பாண் மீதான வரியை நீக்கிவிட்டுப் பதவியை இழந்தவர்

கடையில் ஒரு சவர்க்காரக் கட்டியை வாங்கும்போது நாம் அரசுக்கு வரி கட்டுகிறோம் என்ற நினைப்பு பெரும்பாலும் வருவதில்லை. வருமான வரி கட்டுபவருக்குக் கடிதம் வரும், கோவை இருக்கும், இலக்கம் இருக்கும். சவர்க்காரத்தில் கட்டும் வரிக்கு இவை எதுவும் இல்லை. அது விலையோடு விலையாகப் போய்விடும். 2024 ஜனவரியிலிருந்து இலங்கையில் பெறுமதி சேர் வரி 18 வீதம். முல்லைத்தீவில் கணவனை இழந்து நாட்கூலிக்குப் போகும் பெண்ணும் கொழும்பில் மூன்று வாகனங்கள் வைத்திருப்பவரும் அந்தக் கட்டிக்கு ஒரே வரியைத்தான் கட்டுகிறார்கள். அவருக்கு அது ஒரு தொகையே அல்ல. அவளுக்கு அது அன்றைய கூலியில் ஒரு பங்கு.

நான் படித்தது ஊடகக் கற்கை. பொருளியல் எனக்குப் பாடமாக இருந்ததில்லை. வற் வரி பற்றி எழுதவென்று வாசிக்கத் தொடங்கியபோது எனக்குள் எழுந்த கேள்வி எளிமையானது. பொருட்களில் ஒளிந்திருக்கும் இந்த வரியை எந்த நாடாவது எப்போதாவது துணிந்து குறைத்திருக்கிறதா? குறைத்தவர் யார்? அதற்கு அவர் கொடுத்த விலை என்ன? அந்தத் தேடல் என்னை 1850இல் இறந்துபோன ஒரு பிரித்தானியப் பிரதமரிடம் கொண்டுபோய் விட்டது. பெயர் ரொபேர்ட் பீல். அவருடைய கதையில் ஒரு பெரும் போரின் கடன் இருக்கிறது, பஞ்சம் இருக்கிறது, ஊரடங்குச் சட்டம் இருக்கிறது. கடைசியில் நமது தீவும் வருகிறது. அதனால்தான் இதை இங்கே எழுதுகிறேன்.

ஆலைக்காரரின் மகன்

பீல் 1788 பெப்ரவரி 5ஆம் திகதி இங்கிலாந்தின் வடக்கே லங்காஷயரில் பெரி என்ற ஊரில் பிறந்தார். தந்தையின் பெயரும் ரொபேர்ட் பீல்தான். பருத்தித் துணி நெய்தும் அச்சிட்டும் பெரும் செல்வம் சேர்த்த ஆலை முதலாளி. அந்நாளைய பிரபுக்கள் ஆலைக்காரரைத் தமக்குச் சமமாக வைத்ததில்லை. அந்த இடைவெளியைப் பணத்தாலும் படிப்பாலும் மூடிவிட வேண்டும் என்பது தந்தையின் கனவு. மகனை ஹரோ பாடசாலைக்கும் பிறகு ஒக்ஸ்போர்ட்டுக்கும் அனுப்பினார். 1808இல் செம்மொழி இலக்கியம், கணிதம் இரண்டிலும் முதல் வகுப்புப் பெற்று மகன் வெளியே வந்தார்.

அடுத்த வருடமே, 21 வயதில், அவர் பாராளுமன்ற உறுப்பினர். அயர்லாந்தின் கெஷல் தொகுதியில் அன்று வாக்காளர் 24 பேர். தந்தையின் பணம்தான் அந்த ஆசனத்தைப் பெற்றுத் தந்தது. தான் பிரதிநிதித்துவம் செய்த ஊரின் மக்களை அவர் அறிந்திருக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. மக்களுக்காகப் பின்னாளில் பெரிய காரியம் ஒன்றைச் செய்த மனிதர், மக்களே இல்லாத ஒரு வாசலால்தான் அரசியலுக்குள் வந்தார்.

1812இல், 24 வயதில், அயர்லாந்தின் நிர்வாகத்தைக் கவனிக்கும் தலைமைச் செயலாளராக அனுப்பப்பட்டார். ஆறு வருடங்கள் அங்கே இருந்தார். கத்தோலிக்கர் பெரும்பான்மையாக வாழ்ந்த அந்த நாட்டில் கத்தோலிக்கர் பாராளுமன்றத்தில் அமர முடியாது. அந்தத் தடையை ஆதரித்தவர்களில் பீலும் ஒருவர். 1814இல் அங்கே அமைதி பேணும் படையொன்றை உருவாக்கினார். அயர்லாந்து மக்களின் தலைவர் டானியல் ஓ'கொனலுக்கும் அவருக்கும் இடையே பகை வளர்ந்து, 1815இல் இருவரும் துப்பாக்கியோடு நேருக்கு நேர் நிற்கும் நிலை வரை போனது. அந்தத் துவந்த யுத்தம் நடக்காமல் தடுக்கப்பட்டது. பின்னர் உள்துறை அமைச்சராகி 1829இல் இலண்டன் மாநகரப் பொலிஸை அமைத்தார். பிரித்தானியப் பொலிஸ்காரரைச் செல்லமாகப் பொபி என்று அழைப்பது இவருடைய பெயரின் சுருக்கத்திலிருந்து வந்தது. உலகத்தில் அநேகர் இவரை அறிந்திருப்பதும் இதற்காகத்தான்.

அதே 1829இல் அவர் தன் நிலைப்பாட்டைத் தலைகீழாக மாற்றினார். ஓ'கொனல் தேர்தலில் வென்றுவிட்டார். உரிமையைக் கொடுக்காவிட்டால் அயர்லாந்தில் உள்நாட்டுப் போர் மூளும் என்று கண்டு, கத்தோலிக்கருக்குப் பாராளுமன்றக் கதவைத் திறக்கும் சட்டத்தைப் பீலே கொண்டுவந்தார். ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத் தொகுதி அவரைத் தோற்கடித்தது. துரோகி என்ற பட்டம் முதல் முறையாக விழுந்தது. அது கடைசி முறையாக இருக்கவில்லை.

போர் முடிந்தது, கடன் முடியவில்லை

பீல் செய்த வரிச் சீர்திருத்தத்தைப் புரிந்துகொள்ள அவருக்கு முந்திய போரைப் பார்க்க வேண்டும். பிரான்சோடு பிரித்தானியா இருபது வருடங்களுக்கு மேலாகப் போரிட்டது. செலவுக்காக 1799இல் முதன்முதலாக வருமான வரி அறிமுகமானது. 1815இல் வாட்டர்லூவில் போர் முடிந்தது. அடுத்த வருடமே பாராளுமன்றம் வருமான வரியை நீக்கியது. வருமானம் உள்ளவர்கள்தான் பாராளுமன்றத்தில் இருந்தார்கள், அதனால் அது எளிதாக நடந்தது.

ஆனால் போரின் கடன் எங்கும் போகவில்லை. 1820களில் அரசின் செலவில் பாதிக்கும் மேல் அந்தக் கடனுக்கான வட்டியாகவே போனது. அதைக் கட்டியது யார்? தேயிலை, சீனி, சவர்க்காரம், கண்ணாடி, காகிதம் என்று எல்லாவற்றின் மீதும் வரி இருந்தது. அச்சிட்ட பருத்தித் துணிக்கும் 1831 வரை வரி. சாதாரண குடும்பம் ஒன்று காலையில் எழுந்து முகம் கழுவுவதிலிருந்து இரவு படுக்கும் வரை வரி கட்டியது. போருக்குப் பணம் கடன் கொடுத்தவர்களுக்கு வட்டி போனது. போரில் பிள்ளைகளைக் கொடுத்தவர்கள் அந்த வட்டியைக் கட்டினார்கள். போர் முடிந்த பிறகும் அதன் செலவு யார் தலையில் இறங்குகிறது என்ற கேள்வி நமக்கு அந்நியமானதல்ல.

இவற்றுக்கு மேலே இருந்தது தானியச் சட்டம். 1815இல் நிறைவேறிய அந்தச் சட்டத்தின்படி, உள்நாட்டுக் கோதுமையின் விலை குவார்ட்டர் என்ற அளவுக்கு 80 ஷில்லிங்கை எட்டும் வரை வெளிநாட்டுக் கோதுமை சந்தைக்குள் வர முடியாது. 1828இல் அது விலைக்கேற்ப ஏறி இறங்கும் தீர்வையாக மாறியது. நோக்கம் ஒன்றுதான். நிலம் வைத்திருந்த பிரபுக்களின் விளைச்சலுக்கு விலை குறையக்கூடாது. விளைவு, பாணின் விலை உயர்ந்தே இருந்தது. இது அரசுக்குப் போன வரி என்பதைவிட நிலக்காரருக்குப் போன வரி என்பதே பொருத்தம்.

ஆயிரம் பொருட்களும் பதினேழு பொருட்களும்

1841 தேர்தலில் பழமைவாதக் கட்சி வென்று பீல் பிரதமரானார். அதற்கு முன் 1834–35இல் சில மாதங்கள் மட்டும் அந்தப் பதவியில் இருந்திருக்கிறார். இம்முறை கையில் பெரும்பான்மை இருந்தது, திறைசேரியில் ஓட்டை இருந்தது. வருடா வருடம் பற்றாக்குறை. மொத்தம் ஏறத்தாழ 75 இலட்சம் பவுண்ட் சேர்ந்திருந்தது. நாடும் நோயாளி மாதிரி இருந்தது. 1842இல் ஆலைகள் மூடப்பட்டன, கூலி வெட்டப்பட்டது. வாக்குரிமை கேட்டுச் சாசன இயக்கத்தினர் கொடுத்த மனுவில் 30 இலட்சத்துக்கு மேற்பட்ட கையொப்பங்கள் இருந்தன. பாராளுமன்றம் அதை ஏற்க மறுத்தது. ஆகஸ்டில் வடக்கு ஆலை நகரங்களில் வேலைநிறுத்தம் பரவியது.

பற்றாக்குறை வந்தால் அரசுகள் வழமையாகச் செய்வது இருக்கும் வரிகளைக் கூட்டுவது. முந்திய அரசு 1840இல் அதைச் செய்து பார்த்தது. சுங்கத் தீர்வைகளை 5 வீதம் உயர்த்தியது. எதிர்பார்த்த பணம் வரவில்லை. விலை ஏறினால் ஏழைகள் வாங்குவதைக் குறைத்துவிடுகிறார்கள் என்ற எளிய உண்மை கணக்கேட்டில் தெரிந்தது.

அதே 1840இல் பாராளுமன்றக் குழு ஒன்று இறக்குமதித் தீர்வைகளை ஆராய்ந்திருந்தது. அதில் எனக்கு மிகவும் வியப்பாக இருந்த கணக்கு இது. 1,100க்கும் மேற்பட்ட பொருட்களுக்குத் தீர்வை இருந்தது. அவற்றில் வெறும் 17 பொருட்களிலிருந்து வருமானத்தில் 94 வீதத்துக்கு மேல் வந்தது. மற்ற ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொருட்களின் தீர்வை அரசுக்குப் பெரிதாக எதையும் தரவில்லை. வியாபாரத்தை முடக்கியது, கள்ளக்கடத்தலை வளர்த்தது, சுங்க உத்தியோகத்தர்களுக்கு வேலை கொடுத்தது. அவ்வளவுதான்.

1842 மார்ச் 11ஆம் திகதி பீல் தாமே எழுந்து வரவு செலவுத் திட்டத்தை முன்வைத்தார். நிதியமைச்சர் பக்கத்தில் இருக்கப் பிரதமரே அதைச் செய்தார். திட்டத்தின் எலும்புக்கூடு இரண்டு வரிகளில் அடங்கும். பொருட்கள் மீதான தீர்வையைக் குறைப்பது. அதனால் வரும் ஓட்டையை வருமானம் உள்ளவர்களிடம் வாங்கி அடைப்பது.

சுமார் 1,200 பொருட்களில் 750 பொருட்களின் தீர்வை குறைந்தது. மூலப்பொருளுக்கு 5 வீதத்துக்கு மேல் இல்லை. பாதி முடிந்த பொருளுக்கு 12 வீதம். முழுமையாக முடிந்த பொருளுக்கு 20 வீதம். இந்தப் பட்டியலை உருப்படி உருப்படியாகத் தயாரித்த வேலை பெரும்பாலும் வர்த்தகச் சபையில் இருந்த இளைஞர் ஒருவரின் தோளில் விழுந்தது. அவர் பின்னாளில் நான்கு முறை பிரதமரான வில்லியம் கிளாட்ஸ்டன்.

மறுபக்கத்தில், 26 வருடங்களுக்கு முன் நீக்கப்பட்ட வருமான வரி திரும்பி வந்தது. போர் இல்லாத காலத்தில் பிரித்தானியாவில் வருமான வரி விதிக்கப்பட்டது அதுவே முதல் முறை. ஒரு பவுண்டுக்கு 7 பென்ஸ். ஒரு பவுண்ட் 240 பென்ஸ் என்பதால் இது 3 வீதத்துக்கும் சற்றுக் குறைவு. முக்கியமானது அதன் வரம்பு. வருடத்துக்கு 150 பவுண்டுக்கு மேல் உழைப்பவரிடம் மட்டும்தான் வாங்கப்பட்டது. திறமையான தொழிலாளி ஒருவர் 100 பவுண்டைக் காண்பதே அன்று அரிது. ஆகவே கூலிக்காரர் எவரும் அந்த வலைக்குள் வரவில்லை. மூன்று வருடத்துக்கு மட்டும் என்று வாக்குக் கொடுத்தார். அந்த வாக்கு என்ன ஆனது என்று கடைசியில் சொல்கிறேன்.

அந்தத் திட்டத்தில் தவறிய கணக்கும் ஒன்று உண்டு. அயர்லாந்தில் வருமான வரி விதிக்காமல் விட்டுவிட்டு, அதற்குப் பதிலாக அங்கே காய்ச்சும் மதுவுக்குக் கலன் ஒன்றுக்கு ஒரு ஷில்லிங் தீர்வையைக் கூட்டினார்கள். உடனே கசிப்பு பெருகியது. அடுத்த வருடமே அந்த உயர்வைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று.

1843 ஜனவரியில் பீலின் தனிச் செயலாளர் எட்வர்ட் டிரமன்ட் இலண்டன் வீதியில் சுடப்பட்டு ஐந்து நாட்களில் இறந்தார். சுட்ட மக்னாட்டன் என்பவர் டிரமன்டைப் பீல் என்று நினைத்திருந்தார். மனநலம் குன்றியவரின் குற்றப் பொறுப்பைப் பற்றிச் சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கும் விதி அந்த வழக்கில் பிறந்தது. பீல் வேலையை நிறுத்தவில்லை.

1845க்குள் பற்றாக்குறை மிகையாக மாறியிருந்தது. விலை குறைந்த பொருட்களை மக்கள் கூடுதலாக வாங்கினார்கள். வருமான வரியும் எதிர்பார்த்ததைவிட நன்றாக வந்தது. அந்தத் துணிவில் இன்னும் 430 பொருட்களின் தீர்வையை முற்றாக நீக்கினார். ஏற்றுமதித் தீர்வைகள் போயின. கச்சாப் பருத்தியின் தீர்வை போனது. சீனியின் தீர்வை வெகுவாகக் குறைந்தது. கண்ணாடி மீதான உள்நாட்டு வரியும் ஒழிந்தது. அது வரை கண்ணாடி ஆலைகளின் ஒவ்வொரு வேலையையும் வரி உத்தியோகத்தர்கள் கண்காணித்தார்கள். புதிதாக எதையும் செய்து பார்க்க வழியில்லை. வரி போய் ஆறு வருடங்களில், 1851இல், கிட்டத்தட்ட மூன்று இலட்சம் கண்ணாடித் தகடுகளால் பளிங்கு மாளிகை இலண்டனில் எழுந்தது.

கிழங்கு அழுகிய வருடம்

எல்லாப் பொருட்களிலும் கை வைத்த பீல் கோதுமையில் மட்டும் முழுமையாகக் கை வைக்கவில்லை. 1842இல் தீர்வையைக் கொஞ்சம் இறக்கினார், அவ்வளவுதான். அவருடைய கட்சியே நிலக்காரர்களின் கட்சி. தானியச் சட்டத்தைக் காப்பாற்றுவார் என்று நம்பித்தான் அவருக்கு வாக்களித்திருந்தார்கள். ஆனால் மனம் மாறிக்கொண்டிருந்தது. மான்செஸ்டரில் தொடங்கிய தானியச் சட்ட எதிர்ப்புச் சங்கத்தின் தலைவர் ரிச்சர்ட் கொப்டன் 1845 மார்ச்சில் பாராளுமன்றத்தில் பேசியபோது, பதில் சொல்லக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த பீல் அந்தத் தாளைக் கசக்கிவிட்டுப் பக்கத்தில் இருந்தவரைப் பதில் சொல்லச் சொன்னதாக ஒரு கதை உண்டு.

அந்த இலையுதிர் காலத்தில் அயர்லாந்தில் உருளைக்கிழங்கை நோய் தாக்கியது. 80 இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்த நாடு அது. அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் அளவுக்கு உருளைக்கிழங்கையே நம்பி உயிர் வாழ்ந்தார்கள். தோண்டிய கிழங்கு கையிலேயே அழுகியது. பீல் நவம்பரில் அமைச்சரவைக்குக்கூட முழுமையாகச் சொல்லாமல் அமெரிக்காவிலிருந்து ஒரு இலட்சம் பவுண்டுக்குச் சோளம் வாங்க ஏற்பாடு செய்தார். கடினமான அந்தச் சோளத்தை எப்படி அரைப்பது, எப்படிச் சமைப்பது என்று மக்களுக்குத் தெரியாது. வயிற்று நோய் வந்தது. மஞ்சள் நிறத்தைப் பார்த்து அதைப் பீலின் கந்தகம் என்று ஏளனம் செய்தார்கள். ஆனாலும் முதல் வருடத்தில் பட்டினிச் சாவு பெருகாமல் தடுத்ததில் அதற்கும் பங்கு உண்டு. முள்ளிவாய்க்கால் கஞ்சியை வருடா வருடம் காய்ச்சும் நமக்கு, எளியதோர் உணவு ஓர் உயிருக்கும் சாவுக்கும் இடையே எப்படி நிற்கிறது என்று யாரும் விளக்கத் தேவையில்லை.

பஞ்சத்தில் தவிக்கும் ஒரு நாட்டுக்கு வெளியிலிருந்து வரும் தானியத்துக்குத் தீர்வை போட்டுக்கொண்டிருப்பது எப்படிச் சரியாகும் என்று பீல் அமைச்சரவையில் கேட்டார். பெரும்பாலானோர் உடன்படவில்லை. டிசம்பரில் பதவி விலகினார். எதிர்க்கட்சித் தலைவர் ரசலால் அரசு அமைக்க முடியாமல் போனதால் அதே மாதம் திரும்பி வந்தார். 1846 ஜனவரி 27ஆம் திகதி தானியத் தீர்வையை மூன்று வருடங்களில் படிப்படியாகக் குறைத்து, 1849 பெப்ரவரியில் பெயரளவு ஒரு ஷில்லிங்காக்கும் திட்டத்தை முன்வைத்தார்.

அடுத்த ஐந்து மாதங்கள் அவருடைய வாழ்க்கையில் மிகக் கசப்பானவை. சொந்தக் கட்சியின் ஆசனங்களிலிருந்து டிஸ்ரேலியும் பென்டிங்க் பிரபுவும் இரவிரவாக அவரைக் கிழித்தார்கள். மே 15ஆம் திகதி மூன்றாம் வாசிப்பில் 327க்கு 229 என்று சட்டமூலம் நிறைவேறியது. அவருடைய கட்சியினரில் மூன்றில் இரண்டு பங்கினர் எதிராக வாக்களித்திருந்தார்கள். எதிர்க்கட்சியின் வாக்குகளால்தான் வென்றார். ஜூன் 25ஆம் திகதி பிரபுக்கள் சபையும் அதை ஏற்றது.

அதே இரவு மக்கள் சபையில் இன்னொரு வாக்கெடுப்பு. அயர்லாந்தில் கொலைகளும் கலவரங்களும் கூடிவிட்டன என்று சொல்லி, குழப்பமான மாவட்டங்களில் பொழுது பட்டதிலிருந்து விடியும் வரை மக்களை வீட்டுக்குள் அடைக்கும் ஊரடங்குச் சட்டமூலத்தைப் பீல் கொண்டுவந்திருந்தார். மீறியவர்களை நாடு கடத்தலாம். பசித்த மக்களுக்குச் சோளமும் ஊரடங்கும் ஒரே கையால் நீட்டப்பட்டன. அயர்லாந்து உறுப்பினர்களும், எதிர்க்கட்சியினரும், பழிவாங்கக் காத்திருந்த சொந்தக் கட்சியினரும் சேர்ந்து அதை 292க்கு 219 என்று தோற்கடித்தார்கள். நான்கு நாட்களில் பீல் பதவி விலகினார். விடைபெறும் உரையில், தன்னைப் பலர் வெறுப்பார்கள் என்றாலும், நெற்றி வியர்வையில் உழைப்பவர்கள் வரி இல்லாத மலிவான உணவை உண்ணும்போது சில வேளைகளில் தன் பெயரை நல்லெண்ணத்தோடு நினைக்கக்கூடும் என்ற பொருளில் பேசினார்.

இங்கிலாந்தின் தொழிலாளர் அவரை நினைத்தார்கள். அயர்லாந்தின் கதை வேறு. 1846இல் நோய் கிட்டத்தட்ட முழு விளைச்சலையும் அழித்தது. பீலுக்குப் பின் வந்த ரசலின் அரசு சந்தை தானாகச் சரிசெய்யும் என்று நம்பியது. பஞ்சம் முடிந்தபோது சுமார் பத்து இலட்சம் பேர் இறந்திருந்தார்கள். அதே அளவுக்கு மேல் கப்பலேறிப் போயிருந்தார்கள். சாவுகளின் நடுவிலும் அயர்லாந்திலிருந்து தானியம் ஏற்றுமதியானது. வரி நீக்கம் பாணின் விலையைக் குறைக்கும். கையில் காசே இல்லாதவருக்கு விலை குறைந்த பாணும் எட்டாத பாண்தான். வரிச் சீர்திருத்தம் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதற்கு இதைவிடக் கொடிய பாடம் எனக்குத் தெரியவில்லை.

தீவுக்கு வந்த சீர்திருத்தம்

பீலின் கட்சியில் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் என்றொருவர் இருந்தார். பெல்பாஸ்ட் நகரின் பாராளுமன்ற உறுப்பினர், பீலின் ஆதரவாளர். 1845இல் அவர் இலங்கையின் குடியேற்றச் செயலாளராக நியமிக்கப்பட்டார். யாழ்ப்பாணம் உட்பட இத்தீவைப் பற்றி அவர் பின்னர் எழுதிய பெரிய நூலை நம் ஆய்வாளர்கள் இன்றும் புரட்டுகிறார்கள். அவர் கொழும்புக்கு வந்தபோது இலண்டனில் வென்றுகொண்டிருந்த கொள்கையையும் கூடவே கொண்டுவந்தார். பொருட்கள் மீதான தீர்வைகளைக் குறைத்து நேரடி வரிகளுக்கு மாற வேண்டும் என்று இலங்கையின் நிதி பற்றிய தன் அறிக்கையில் பரிந்துரைத்தார்.

அப்போது கோப்பித் தோட்டங்கள் மலைநாட்டில் பரவியிருந்தன. அதே ஆண்டுகளில்தான் தென்னிந்தியாவிலிருந்து தமிழ்த் தொழிலாளர் மன்னார் வழியாக மாத்தளைக்குக் காட்டுப் பாதையில் நடந்து, வழியிலேயே பலர் விழுந்து செத்தார்கள். பிரித்தானியச் சந்தையில் இலங்கைக் கோப்பிக்கு இருந்த சலுகை பீலின் தீர்வைக் குறைப்பால் சுருங்கியது. 1844இலிருந்து வெளிநாட்டுக் கோப்பிக்கு இறாத்தலுக்கு 6 பென்ஸ், குடியேற்ற நாட்டுக் கோப்பிக்கு 4 பென்ஸ். சில வருடங்களில் விலையும் சரிந்தது. அரசின் வருமானம் குறைந்தது.

1847இல் ஆளுநராக வந்த டொரிங்டன் பிரபுவின் காலத்தில் கோப்பி மீதான ஏற்றுமதித் தீர்வை நீக்கப்பட்டது. தோட்ட முதலாளிகளுக்கு நிம்மதி. ஓட்டையை அடைக்க 1848இல் வந்தவை துப்பாக்கிக்கு வரி, நாய்க்கு வரி, வண்டிக்கு வரி, கடைக்கு வரி. அவற்றோடு, வளர்ந்த ஆண்கள் வருடத்துக்கு ஆறு நாள் வீதி வேலை செய்ய வேண்டும், அல்லது காசு கட்ட வேண்டும் என்ற சட்டம். பீலின் திட்டத்தில் பொருளில் குறைந்த சுமை வசதியானவர்களின் வருமானத்துக்கு ஏறியது. இங்கே தோட்டக்காரரின் தோளிலிருந்து இறங்கிய சுமை கிராமத்தவரின் தோளில் ஏறியது. சீர்திருத்தம் என்ற பெயர் ஒன்றுதான், திசை நேர்மாறு.

1848 ஜூலையில் கண்டி, மாத்தளை, குருநாகல் பகுதிகளில் சிங்கள மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள். இராணுவச் சட்டம் பிரகடனமானது. சுமார் 200 பேர் கொல்லப்பட்டார்கள். படைத்தரப்பில் ஒருவரும் சாகவில்லை. புரன் அப்பு ஆகஸ்ட் 8ஆம் திகதி கண்டியில் சுட்டுக் கொல்லப்பட்டார். காவி உடையோடு ஒரு பிக்குவும் சுடப்பட்டார். பிரித்தானியப் பாராளுமன்றம் விசாரணைக்குழு வைத்தது. டொரிங்டனும் டெனன்டும் இலங்கையை விட்டுத் திரும்ப அழைக்கப்பட்டார்கள். சுட்டவர்கள் எவரும் தண்டிக்கப்படவில்லை. விசாரணைக் குழுக்களைப் பற்றி நமக்கு இருக்கும் அனுபவம் அவ்வளவு புதியதல்ல என்று அதை வாசித்தபோது தோன்றியது.

குதிரையிலிருந்து விழுந்தவர்

பீல் மீண்டும் பதவிக்கு வரவில்லை, தேடவுமில்லை. 1850 ஜூன் 29ஆம் திகதி இலண்டனில் குதிரையில் போய்க்கொண்டிருந்தபோது குதிரை இடறி அவரைத் தள்ளி அவர் மேலேயே விழுந்தது. மூன்று நாட்கள் வலியில் கிடந்து ஜூலை 2ஆம் திகதி இறந்தார். வயது 62. அவருடைய வீட்டின் முன்னால் கூலித் தொழிலாளர்கள் கூட்டமாக நின்று செய்தி கேட்டார்கள். அரச மரியாதை அடக்கம் அவருடைய விருப்பப்படி மறுக்கப்பட்டது. மனைவி ஜூலியா பிரபுப் பட்டத்தையும் வேண்டாம் என்றார். வடக்கு நகரங்களில் தொழிலாளர்கள் பென்னி பென்னியாகச் சேர்த்த காசில் அவருக்குச் சிலைகள் எழுந்தன.

அவர் தொடங்கியதைக் கிளாட்ஸ்டன் முடித்தார். 1853இல் சவர்க்காரம் மீதான வரி ஒழிந்தது. 1860 வரவு செலவுத் திட்டத்தோடு தீர்வை உள்ள பொருட்கள் 48ஆகச் சுருங்கின.

பீலை நல்லவர் பட்டியலிலோ கெட்டவர் பட்டியலிலோ போட என்னால் முடியவில்லை. ஒரே மனிதர் பாணின் வரியை நீக்கினார், ஊரடங்கையும் கேட்டார். இங்கிலாந்தின் ஆலைத் தொழிலாளிக்கு வாக்கு இல்லாவிட்டாலும் சங்கம் இருந்தது, பத்திரிகை இருந்தது, வீதி இருந்தது. அவர்களுடைய கோபத்தை அரசு கணக்கில் எடுத்தது. அயர்லாந்தின் குடியானவரையும் கண்டியின் கிராமத்தவரையும் யாரும் கேட்கவில்லை. ஒரே கொள்கை மூன்று இடங்களில் மூன்று விதமாக முடிந்ததற்குக் காரணம் வரிக் கணக்கில் இல்லை, யாரைக் கேட்டு முடிவெடுத்தார்கள் என்பதில்தான் இருக்கிறது.

மூன்று வருடத்துக்கு மட்டும் என்று 1842இல் அவர் கொண்டுவந்த வருமான வரி இன்று வரை போகவில்லை. ஆனால் சட்டப்படி அது இப்போதும் தற்காலிக வரிதான். ஒவ்வொரு ஏப்ரல் 5ஆம் திகதியும் அது காலாவதியாகிறது. அதை மீண்டும் வாங்க வேண்டுமானால் அரசு ஒவ்வொரு வருடமும் பாராளுமன்றத்தின் முன் வந்து கேட்க வேண்டும். பொருளின் விலைக்குள் ஒளிந்திருக்கும் வரி யாரிடமும் வந்து கேட்பதில்லை. நாம்தான் போய்க் கேட்க வேண்டும்: இந்த 18 வீதத்தை யார் யாருக்காகக் கட்டுகிறார், அதற்குப் பதிலாக யாருடைய வருமானம் தொடப்படாமல் இருக்கிறது என்று.